அலாரம் கூப்பிடும்போது எடுக்க ஆள் இருக்கிறதா?

பாளையங்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் வீட்டு அலாரம் பொருத்திக் கொடுப்பது என் தொழில். பொருத்தி முடித்த அன்று கதவைத் திறந்து காட்டுவோம். சைரன் தெருவே அதிரும்படி அலறும். வீட்டுக்காரருக்கு மனம் நிறைந்துவிடும். பல வீடுகளில் சோதனை என்பது அந்த ஒரு நாளோடு சரி. ஆனால் இந்தக் கருவியின் உயிர் சைரனில் இல்லை. வீட்டில் ஆள் இல்லாதபோது அது தானாகப் போன் செய்ய வேண்டும், அந்தப் போனை ஒருவர் எடுக்க வேண்டும், எடுத்தவருக்கு விஷயம் விளங்க வேண்டும், விளங்கியவர் கிளம்பி வர வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் சுவரில் மாட்டியிருப்பது வெறும் பெட்டிதான்.

என்னைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள். கல்லிடைக்குறிச்சியிலோ வீரவநல்லூரிலோ பெரிய வீட்டில் ஆச்சி தனியாக இருப்பார். அல்லது வீடே பூட்டிக் கிடக்கும். "அண்ணாச்சி, முதல் நம்பராக என் துபாய் நம்பரைப் போட்டுவிடுங்கள்" என்பார்கள். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் முதல் எண்ணாக அதைப் போட நான் சம்மதிப்பதில்லை. கருவி ஐந்தாறு எண்களை வரிசையாக ஒவ்வொன்றாகத்தான் அழைக்கும். வெளிநாட்டு எண்ணை அழைக்க, கருவிக்குள் போட்டிருக்கும் சிம்மில் ஐஎஸ்டி வசதியும் போதிய பணமும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்து அவர் எடுத்தாலும், அங்கிருந்து பக்கத்து வீட்டுக்காரரைத்தான் அழைக்கப் போகிறார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரையே முதலில் அழைத்துவிட்டால் சில நிமிடங்கள் மிச்சமாகும். நடந்து வரக்கூடியவர் முதலில், பைக்கில் வரக்கூடியவர் இரண்டாவது, சென்னை மகள் மூன்றாவது, துபாய் மகன் கடைசி. இதுதான் நான் போடும் வரிசை.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பங்குனி உத்திரத்தன்று அவரவர் குலதெய்வ சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பிவிடுவதால் பல தெருக்கள் காலியாகிவிடும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் காரையாறு காட்டுக்குள் இருப்பார்கள்; அங்கே சிக்னலை நம்ப முடியாது. கோயில் கொடை விழா நடக்கும் நாளில் எல்லாரும் ஊரில்தான் இருப்பார்கள், ஆனால் ஒலிபெருக்கிச் சத்தத்தில் சைரனும் கேட்காது, சட்டைப்பையில் அடிக்கும் போனும் கேட்காது. அதனால் எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது, எல்லாரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்களா என்று கேட்பேன். குறைந்தது ஒருவராவது வேறு தெருக்காரராக, வேறு கோயில்காரராக இருப்பது நல்லது.

அடுத்தது, கருவி பேசும் வாசகம். தொழிற்சாலையிலேயே பதிவு செய்து வரும் ஆங்கில வாசகத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நள்ளிரவில் அறியாத எண்ணிலிருந்து இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் பேசினால் ஏதோ விளம்பரம் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். எடுப்பவர்மேல் அதில் ஒரு தப்பும் இல்லை. வீட்டில் உள்ளவரின் குரலிலேயே தமிழில் பதிவு செய்யுங்கள்: "இது மேலத்தெரு ஆச்சி வீட்டு அலாரம். யாரோ உள்ளே வந்திருக்கலாம். தனியாக உள்ளே போகாதீர்கள், ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்." பத்து விநாடி போதும். தொடக்கத்தில் இரண்டு விநாடி மௌனம் விடுங்கள். இல்லாவிட்டால் எடுப்பவர் "ஹலோ" சொல்லும் நேரத்தில் முதல் சொற்கள் அமுங்கிவிடும். கருவியின் எண்ணைத் தொடர்புடைய எல்லாருடைய போனிலும் "வீட்டு அலாரம்" என்ற பெயரில் சேமித்து வைக்க வேண்டும். அறியாத எண்களை ஒலிக்கவிடாமல் தடுக்கும் வசதியைப் பலர் போட்டு வைத்திருக்கிறார்கள். இரவில் போனை அமைதியில் வைப்பவர்கள், அந்த ஒரு எண் மட்டும் ஒலிக்கும்படி விதிவிலக்கு கொடுத்து வைக்கலாம்.

சிம்மைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் பார்க்கப் போகும் பழுதுகளில் அதுவே அதிகம். விலை குறைந்த கருவிகளில் பல 2ஜியில் மட்டும் இயங்குபவை. ஜியோவில் 2ஜி கிடையாது. அந்த சிம்மை இவற்றில் போட்டால் ஒருபோதும் வேலை செய்யாது. புதிதாக வாங்குகிறவர்கள் 4ஜியில் குரல் அழைப்பு செய்யக்கூடிய கருவியாகக் கேட்டு வாங்குங்கள். சிம்மை உள்ளே போட்டதும் எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள். திட்டத்தின் காலம் முடிந்ததும் வெளியே போகும் அழைப்பு நின்றுவிடும். 90 நாட்கள் பயன்பாடே இல்லாமல், கணக்கில் 20 ரூபாய்க்கும் குறைவாக இருந்தால் எண்ணையே துண்டிக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இடம் தருகிறது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், சிம் செத்திருக்கும். இணைய டேட்டா இல்லாமல் குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. அலாரத்துக்கு அதுவே போதும். காலக்கெடு நினைவூட்டல் கருவியின் சிம்முக்குத்தான் வரும், அதைப் படிக்க அங்கே ஆள் இல்லை. அதனால் முடியும் தேதியை உங்கள் போன் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று பெட்டியை இரும்பு பீரோவுக்குள் வைப்பவர்களும் உண்டு. இரும்பு சிக்னலை மறைக்கும். வேறு இடம் பாருங்கள்.

சிம் சரியாக இருந்தாலும், யாரும் எளிதில் செய்து பார்க்காத ஒரு சோதனை இருக்கிறது. முதல் எண்ணுக்குரிய போனை அணைத்து வைத்துவிட்டு அலாரத்தை அடிக்க விடுங்கள். "நீங்கள் அழைத்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது" என்று நெட்வொர்க் சொல்லும். சில கருவிகள் அந்தக் குரலையே ஆள் எடுத்ததாக எண்ணி, வாசகத்தை அதனிடம் ஒப்பித்துவிட்டு, வேலை முடிந்தது என்று நின்றுவிடும். நல்ல கருவி இரண்டாவது எண்ணுக்குப் போகும். இன்னும் நல்லது, எடுத்தவர் ஒரு பொத்தானை அழுத்தி "கேட்டுவிட்டேன்" என்று உறுதி சொல்லும்வரை விடாமல் வரிசையைச் சுற்றி வரும். வாங்குவதற்கு முன் கடையிலேயே இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மின்சாரம் இல்லாமல் ஓடுமா என்பதையும் பார்க்க வேண்டும். பேட்டரியில் மீட்டரை வைத்து 12 வோல்ட் காட்டுகிறது என்று திருப்திப்படக்கூடாது. சிம் வழியாகப் போன் செய்யும் ஜிஎஸ்எம் பகுதி அழைக்கும்போது கணப்பொழுதுக்கு இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். அதே நேரத்தில் சைரனும் அலறும். பழைய பேட்டரி அந்தச் சுமையில் படுத்துவிடும், கருவி அணைந்து மறுபடி எழும், போன் போகவே போகாது. இரவு முழுவதும் கரண்ட் இணைப்பைப் பிடுங்கி வைத்து, காலையில் கதவைத் திறந்து பாருங்கள். அப்போது போன் வந்தால்தான் பேட்டரி நல்லது. நம் வெயிலில் ஈய பேட்டரிகளின் ஆயுள் குறைவு. இரண்டு மூன்று ஆண்டில் மாற்ற நேரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் வந்தபோது கரண்ட் மட்டுமா போனது, பல இடங்களில் செல்போன் சேவையும் நின்றது. அப்படிப்பட்ட நாட்களில் எந்தக் கருவியும் கூப்பிடாது. முதியவர் தனியாக இருக்கும் வீட்டில், போன் கிடைக்காவிட்டால் நேரில் வந்து பார்ப்பது யார் என்று ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

பொய் அலாரம் நாலு முறை அடித்தால் ஐந்தாவது முறை யாரும் எழுந்து வரமாட்டார்கள். அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் போவதும் உண்டு. அசைவை அறியும் சென்சார் உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டுதான் ஆளைக் கண்டுபிடிக்கிறது. சித்திரை வெயிலில் பூட்டிக் கிடக்கும் மாடியறை உடல் சூட்டை நெருங்கிவிடும். அப்போது சென்சார் மந்தமாகிவிடும். அதனால் கோடையில், சூடான மதிய நேரத்தில் ஒரு முறை நடந்து பார்த்துச் சோதிக்க வேண்டும். அதே சென்சாரின் முகப்பில் பல்லி ஊர்ந்தால் பொய்யாக அடிக்கும். வள்ளியூர், பணகுடிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் கொக்கி போடாத சன்னல் ஆடியே ஆளை எழுப்பிவிடும். ஐப்பசி மழையில் பழைய தேக்குக் கதவு உப்பி, கதவு திறப்பதை அறியப் பொருத்திய காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி மாறும். இரும்புக் கதவில் சாதாரணக் காந்த சென்சார் சரிவராது; அதற்கென்று தனி வகை இருக்கிறது.

ஆச்சி தனியாக இருக்கும் வீடென்றால் திருடனைவிட வழுக்கி விழுவதையே அதிகம் நினைத்துப் பார்க்கச் சொல்வேன். அவசரப் பொத்தானைக் கழுத்தில் மாட்டக் கொடுத்தால் குளிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிடுவார்கள். தண்ணீர் புகாத பொத்தானாக ஒன்றைக் குளியலறையில், தரையில் விழுந்து கிடப்பவருக்கும் கை எட்டும் உயரத்தில் பதித்துவிடுங்கள். அதற்குத் தனி வாசகம் பதிவு செய்ய முடிந்தால் செய்யுங்கள். ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதும் ஆம்புலன்சை அழைப்பதும் வேறு வேறு வேலை.

112 ஐயோ 100 ஐயோ தானியங்கி வரிசையில் சேர்க்காதீர்கள். பல்லி ஊர்ந்ததற்கெல்லாம் கட்டுப்பாட்டு அறையில் ஒரு இணைப்பு அடைபடும். உண்மையிலேயே உதவி தேவைப்படும் இன்னொருவர் அந்நேரம் காத்திருக்க நேரும். முதலில் போனை எடுப்பவர் நிலவரத்தைத் தெரிந்துகொண்டு 112 ஐ அழைக்கட்டும். வெளியூர் போகும்போது உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருப்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள். கருவியோடு வரும் 1234 போன்ற கடவு எண்ணைப் பொருத்திய அன்றே மாற்றிவிடுங்கள். அது தெரிந்தவர் வெளியிலிருந்து போன் செய்தே அலாரத்தை அணைத்துவிட முடியும்.

மாதம் ஒரு நாள் குறித்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்பே சொல்லிவிட்டு, அலாரத்தை அடிக்க விடுங்கள். அந்த ஒரு அழைப்பு சிம்மையும் உயிரோடு வைத்திருக்கும். வரிசையில் உள்ள ஒவ்வொருவருக்கும் முறை வரும்படி, முந்தைய எண்களை எடுக்காமல் விடச் சொல்லுங்கள். யாராவது எண் மாற்றியிருந்தால், வீடு காலி செய்து போயிருந்தால் அன்றைக்கே வேறு பெயரைச் சேர்த்துவிடுங்கள்.