பூட்டிய வீட்டின் கேமராவுக்கு எந்தக் கணினி, எந்த டிஸ்க்?

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எந்த ஊருக்குப் போனாலும், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லாரும் சேரும்போதுதான் வீடு முழுதாகத் திறக்கும். உள்ளே பர்மா தேக்கு நிலைகள், பித்தளை அண்டாக்கள், பழைய கண்ணாடிகள், மரப்பெட்டிகள். இவை அத்தனைக்கும் வெளியே விலை உண்டு. அதனால் இப்போது பல வீடுகளில் கேமரா மாட்டுகிறார்கள்.

கேமரா வாங்கப் போனால் எத்தனை மெகாபிக்சல் என்பதில்தான் பேச்சு தொடங்கும். நான் வேறு கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்வேன்: ஒரு பொருள் காணாமல் போனால், எத்தனை நாள் கழித்து நமக்குத் தெரியவரும்? ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் மறுநாள் காலையே தெரிந்துவிடும்; ஒரு வாரப் பதிவு போதும். பூட்டிய வீட்டில் அப்படியில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் முகப்பைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டுப் போவார். மூன்றாம் கட்டு அறையில் இருந்த பெட்டி இல்லை என்பது அடுத்த படைப்புக்கு அந்த அறையைத் திறக்கும்போதுதான் தெரியும். அதற்குள் 30 நாள் பதிவு அழிந்து, அதன்மேல் புதியது எழுதப்பட்டிருக்கும். ஆக, எத்தனை நாள் என்பது டிஸ்க்கைத் தீர்மானிக்கிறது. அந்த டிஸ்க் எந்தப் பெட்டிக்குள் அடங்கும் என்பது கணினியைத் தீர்மானிக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். இன்றைய ஐபி கேமரா, அதாவது நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் கேமரா, படத்தைத் தானே சுருக்கித்தான் அனுப்புகிறது. ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறை முழுப்படம் ஒன்றை அனுப்பும். இடையில் வரும் படங்களில், முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் அனுப்பும். ஹெச்.265 முறையில் சுருக்கும் 4 மெகாபிக்சல் கேமரா, நொடிக்கு 15 படம் என்ற வேகத்தில், நொடிக்கு சுமார் 2 மெகாபிட்டில் அடங்கிவிடும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஆக ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, எட்டு கேமராவுக்கு 172.8 ஜிபி. 30 நாளைக்கு 5.2 டிபி, ஆறு மாதத்துக்கு 31 டிபி. இதையே 4 மெகாபிட்டில் வைத்தால் எல்லாம் இரட்டிப்பாகும்.

யாருமில்லாத வளவில், முற்றத்தைச் சுற்றிய பகுதியில், என்ன அசையப் போகிறது, பதிவு சின்னதாகத்தானே இருக்கும் என்று தோன்றலாம். பகலில் அது ஓரளவு உண்மை. இரவில் வெளிச்சம் குறையும்போது கேமராவின் சென்சாரில் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழும். சுருக்கும் மென்பொருளுக்கு அதுவும் மாற்றம்தான். திறந்த முற்றத்தில் பெய்யும் மழை, அகச்சிவப்பு விளக்கைச் சுற்றும் பூச்சி, கேமராவின் முகத்தில் சிலந்தி கட்டும் வலை எல்லாம் கணக்கை ஏற்றும். கேமராவின் அமைப்பில் பிட் அளவுக்கு உச்சவரம்பு ஒன்றைக் கட்டாயம் வைத்துவிடுங்கள். அந்த வரம்பை வைத்தே டிஸ்க்கைக் கணக்கிடுங்கள்.

அப்படியானால் 31 டிபி வாங்க வேண்டுமா? வேண்டாம். முழுப் பதிவை 14 நாள் மட்டும் வைத்துக்கொண்டு, ஆள் நடமாட்டம் தெரிந்த துண்டுகளை மட்டும் ஆறு மாதம் வைத்திருக்கலாம். முழுப் பதிவுக்கு 2.4 டிபி. ஒரு கேமராவில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேர நடமாட்டம் என்று தாராளமாக வைத்தாலும், ஆறு மாதத்துக்கு 1.3 டிபிதான். இரண்டும் சேர்த்து 3.7 டிபி. 6 டிபி டிஸ்க் ஒன்றில் இடம் மிச்சமாகவே இருக்கும். பூட்டிய வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஃப்ரிகேட் என்ற திறமூல மென்பொருளில் இந்த இரண்டு காலக்கெடுவையும் தனித்தனியாகக் குறிக்கலாம். இடம் தீரும்போது பழையதை அதுவே அழித்துக்கொள்ளும்.

இனி டிஸ்க். எட்டு கேமராவும் சேர்ந்து நொடிக்கு 2 மெகாபைட்தான் எழுதுகின்றன. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் எழுதும். ஆக வேகத்தில் ஒரு சிக்கலும் இல்லை. ஓய்வே கிடையாது என்பதுதான் சிக்கல். அலுவலக மேசைக் கணினிக்கான டிஸ்க்குகள் பலவற்றுக்கு ஆண்டுக்கு 55 டிபி வரையிலான பளு என்று தயாரிப்பாளர்களே குறித்திருக்கிறார்கள். நம் எட்டு கேமரா ஆண்டுக்கு 63 டிபி எழுதும். கண்காணிப்புக்கென்றே வரும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவற்றுக்கு அந்த எல்லை 180 டிபி; நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தவை அவை.

இன்னொரு வித்தியாசம் உள்ளே இருக்கிறது. தட்டில் ஓர் இடம் பழுதாகி, படிக்க முடியாமல் போனால், மேசைக் கணினியின் டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்ப முயலும். உங்கள் கணக்குப் புத்தகக் கோப்பில் ஓர் எழுத்துகூடப் போகக் கூடாதல்லவா, அதற்காக. அந்த முயற்சி பல நொடிகள் நீடிக்கலாம். அதுவரை மற்ற கேமராக்களின் பதிவும் வரிசையில் காத்து நிற்கும். கண்காணிப்பு டிஸ்க்குக்கு, குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால் விட்டுவிட்டு மேலே போகச் சொல்லும் கட்டளைகள் உண்டு. ஒரு படத்தில் ஒரு மூலை சிதைந்தால் பரவாயில்லை, அடுத்த நொடி பதிவாகாமல் போகக் கூடாது என்பது அதன் நியாயம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, எழுதும் முறை. சிஎம்ஆர் டிஸ்க்கில் ஒவ்வொரு தடமும் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில், அதிகக் கொள்ளளவுக்காக ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் ஏறியிருக்கும். நம் வீட்டுத் தாழ்வாரத்து ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிற மாதிரி. அடியில் உள்ள ஓட்டை மாற்ற மேலே உள்ளவற்றையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா, அதேபோல் ஒரு தடத்தை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். அந்த வேலையை டிஸ்க் ஓய்வாக இருக்கும்போது செய்துகொள்ளும். கண்காணிப்பில் ஓய்வு ஏது? டிஸ்க் நிரம்பி, பழையதை அழித்துப் புதியது எழுதும் கட்டம் வந்ததும் திணறத் தொடங்கும். டபிள்யூடி நிறுவனத்தின் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பது சொல்லாமல் விற்கப்பட்டது 2020இல் வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு தயாரிப்பாளர்கள் எந்த மாடல் எந்த முறை என்று பட்டியல் வெளியிட்டார்கள். மாடல் எண்ணை அந்தப் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். லேப்டாப்புக்கு வரும் 2.5 அங்குல டிஸ்க்கில் 1 டிபிக்கு மேல் போனால் பெரும்பாலும் எஸ்எம்ஆர்தான்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி எதற்கு? இயங்குதளத்துக்கும் ஃப்ரிகேட்டின் தரவுத்தளத்துக்கும் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போதும். பதிவை அதில் வைக்க வேண்டாம். அதன் நினைவகச் செல்கள் ஒவ்வொரு அழிப்புக்கும் கொஞ்சம் தேய்கின்றன. அதைவிட, 6 டிபி எஸ்எஸ்டியின் விலை இந்த வேலைக்குக் கட்டுப்படியாகாது.

கணினியைப் பொறுத்தவரை பலர் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள். பதிவு செய்ய ஏறக்குறைய எந்தச் சக்தியும் வேண்டாம். கேமரா சுருக்கி அனுப்பியதை அப்படியே டிஸ்க்கில் கொட்டினால் போதும். அசைந்தது மனிதனா, பூனையா, காற்றில் ஆடும் திரையா என்று பார்ப்பதற்குத்தான் படத்தை விரிக்க வேண்டும். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான ஐபி கேமராக்கள் ஒரே நேரத்தில் இரண்டு ஓடைகளை (ஸ்ட்ரீம்) அனுப்பும், ஒன்று பெரிய படம், மற்றது சின்னது. பெரியதைப் பதிவுக்கும் சின்னதைக் கண்டறிவதற்கும் கொடுக்க வேண்டும். 2560க்கு 1440 படத்தை நொடிக்கு 15 முறை விரிப்பதற்கும், 640க்கு 360 படத்தை நொடிக்கு 5 முறை விரிப்பதற்கும் வேலையில் 48 மடங்கு வித்தியாசம்.

அந்த விரிக்கும் வேலையையும் பிராசசரின் கோர்கள் செய்யாமல், கிராபிக்ஸ் பகுதியில் அதற்கென்று இருக்கும் சுற்றே செய்தால் கணினி சூடாகாது. இன்டெல் என்100 என்ற சிப் 2023 முதல் மினி பிசிகளில் பரவலாக வருகிறது. நான்கு கோர், 6 வாட் வகை. பழைய சுருக்கும் முறையான ஹெச்.264, புதிய ஹெச்.265 இரண்டையும் அது வன்பொருளிலேயே விரிக்கும். ஆளைக் கண்டறியும் வேலையையும் அதன் கிராபிக்ஸ் பகுதியே எட்டு கேமராவுக்குச் சமாளிக்கும். 8 ஜிபி ரேம் போதும். பழைய அலுவலகக் கணினி வாங்குபவர்கள் இன்டெல் 6ஆம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். 4ஆம் தலைமுறையில் ஹெச்.265ஐ விரிக்கும் சுற்று கிடையாது. ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறு கணினிப் பலகையில் ஹெச்.265 உண்டு, ஹெச்.264க்கு வன்பொருள் இல்லை.

மினி பிசியின் குறை அதன் அளவிலேயே இருக்கிறது. 3.5 அங்குல கண்காணிப்பு டிஸ்க் அதற்குள் நுழையாது. தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி பெட்டியில் வெளியே வைக்கலாம். ஆனால் யாருமில்லாத வீட்டில் ஒரு யுஎஸ்பி வயர் லேசாகத் தளர்ந்தால் அதைச் சரிசெய்ய ஆள் கிடையாது. சில யுஎஸ்பி பெட்டிகள் டிஸ்க்கைத் தாமாகவே உறங்கவும் வைத்துவிடும். அதனால் பூட்டிய வீட்டுக்கு, டெல், ஹெச்பி, லெனோவா நிறுவனங்களின் எஸ்எஃப்எஃப் எனப்படும் ஒல்லியான அலுவலகக் கணினியைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதிலேயே டைனி, மைக்ரோ என்று வரும் சின்ன வகை வேண்டாம், அதில் 2.5 அங்குலம்தான் போகும். எஸ்எஃப்எஃப்பில் 3.5 அங்குல டிஸ்க்கை உள்ளேயே திருகி, சாட்டா வயரில் இணைத்துவிடலாம். ஆட்கள் தினமும் இருக்கும் வீடானால் என்100 மினி பிசியும் யுஎஸ்பி பெட்டியும் நன்றாகவே போதும்.

கரண்ட் கணக்கும் முக்கியம். கேமரா ஒன்றுக்கு 5 வாட் என்றால் எட்டுக்கு 40. எஸ்எஃப்எஃப் கணினி 20 வாட் அளவில், டிஸ்க் 5, இவற்றோடு கேமரா வயர்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சின் செலவு. மொத்தம் 70 வாட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஆகிறது.  60 வாட் இழுக்கும் பழைய பெரிய கணினியை வைத்தால் அதே கணக்கு 158 யூனிட்டுக்குப் போகும். இன்வெர்ட்டரில் 150 ஏஹெச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் 70 வாட்டை 12 மணி நேரமாவது தாங்கும். அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆள் சொல்லி வையுங்கள். இன்வெர்ட்டரை யுபிஎஸ் முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் மாறும் அந்த நொடியில் கணினி அணைந்து எழும். அப்புறம், ஊருக்குக் கிளம்பும்போது மெயினை அணைக்கும் பழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. கேமராவுக்கும் கணினிக்கும் எம்சிபி எனப்படும் மின் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றைத் தனியாக இழுத்து, அதை அணைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டுவது அவசியம். கணினியின் பயாஸ் அமைப்பில், மின்சாரம் போய் வந்தால் தானாக இயங்கத் தொடங்கும் விருப்பத்தை இயக்கிவிடுங்கள். இதை மறந்தால் ஒரே ஒரு நீண்ட மின்வெட்டோடு பதிவு நின்றுவிடும்.

இந்தத் தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை போகாது, மின்சாரமும் படமும் ஒன்றாகப் போகும் பிஓஇ வயர்தான். வயரின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும், ஏறி இறங்கும் தூரமும் அதில் சேர்த்தி. நீண்ட வீட்டில் நடுக்கட்டில் ஒரு ஸ்விட்ச் வைத்தால் சரியாகிவிடும். தூணிலும் நிலையிலும் ஓட்டை போடாமல், உத்தரத்தை ஒட்டி வயரைக் கொண்டுபோக முடியும். செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தேக்கில் விழுந்த ஓட்டையை அடைக்க முடியாது. கணினிக்கு மாடி வேண்டாம், வெயிலில் அறை கொதிக்கும். மூடிய அலமாரியும் வேண்டாம். கீழ்த்தளத்தில், காற்றோட்டமுள்ள உள்ளறை நல்லது. திருடன் முதலில் தேடும் முகப்பு அறையிலிருந்தும் அது தள்ளி இருக்கும். கணினியையே தூக்கிக்கொண்டு போனாலும் கைவசம் ஏதாவது இருக்க, ஆள் தெரிந்த துண்டுகளை மட்டும் உடனுக்குடன் வெளியூரில் உள்ள இன்னொரு கணினிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். எட்டு கேமராவின் முழு ஓடையையும் அனுப்பினால் இணைப்பு முழுக்க அதற்கே போய்விடும்.

கேமராக்கள் நேரடியாக இணையத்தைத் தொட வேண்டாம். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும், டிவிஆர் எனப்படும் பதிவுப் பெட்டிகளையும் பெரும் எண்ணிக்கையில் பிடித்து, பெரிய இணையதளங்களையே முடக்கப் பயன்படுத்தியது. வெளியிலிருந்து பார்க்க வயர்கார்டு போன்ற விபிஎன் (மறைகுறியிட்ட தனிப்பாதை) வழியாக கணினிக்கு மட்டும் வழி கொடுங்கள்.

டிஸ்க் ஓரிரவில் சாகலாம். ஆனால் பல சமயம் முன்கூட்டியே அறிகுறி காட்டும். பழுதான இடங்களுக்குப் பதிலாக மாற்றிடம் கொடுத்த எண்ணிக்கையையும், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்களின் எண்ணிக்கையையும் டிஸ்க் தானே குறித்து வைக்கிறது. ஸ்மார்ட் என்று அந்தப் பதிவேட்டுக்குப் பெயர். அந்த எண்கள் பூஜ்யத்திலிருந்து ஏறினால் உங்கள் மின்னஞ்சலுக்குச் செய்தி வரும்படி லினக்ஸில் எளிதாக அமைக்கலாம். அப்படிச் செய்தி வந்தால் அடுத்த முறை ஊருக்குப் போகும் வரை காத்திருக்காமல், காரைக்குடியிலேயே ஒருவரை அனுப்பி டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். செய்தி வராத மாதங்களிலும், இருப்பதிலேயே பழைய துண்டு ஒன்றைத் திறந்து ஓட்டிப் பாருங்கள்.