நரம்புத் தடுப்பு ஊசி: பயப்பட வேண்டியது எதற்கு?

வலியைக் கடத்தும் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசிதான் நரம்புத் தடுப்பு ஊசி. அதற்கான ஒப்புதல் படிவத்தை நீட்டினால் பெரும்பாலோரின் விரல் ஒரே வரியில் போய் நிற்கும்: 'நிரந்தர நரம்புச் சேதம்'. "கை கால் விழுந்துவிடுமா, மிஸ்ஸி?" என்பதுதான் முதல் கேள்வி. கேட்பதில் தவறே இல்லை. ஆனால் வலி சிகிச்சைப் பிரிவின் தாதி என்ற முறையில், ஊசி போட்டுக்கொண்டவர்களை மறுநாள் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பதும் என் வேலை. அப்போது நான் கேட்கும் கதைகள் வேறு. ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பார். இன்னொருவர் சர்க்கரை அளவு (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 18ஐத் தொட்டதைப் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் இருந்திருப்பார். படிவத்தில் இவையும் இருந்தன; யாரும் அந்த வரிகளில் நிற்கவில்லை.

ஊசியில் பொதுவாக இரண்டு மருந்துகள் இருக்கும். ஒன்று, லிக்னோகேய்ன், பியூபிவகேய்ன் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து. மற்றொன்று ஸ்டீராய்டு. எல்லா ஊசியிலும் ஸ்டீராய்டு இருக்காது. உங்களுக்குப் போடுவதில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கவிளைவுகளில் பாதி அந்தப் பதிலைப் பொறுத்தவை.

முதலில் மரத்துப்போகும் மருந்து. வலியைக் கடத்தும் நரம்பும் தசையை இயக்கும் நரம்பும் பல இடங்களில் ஒரே கட்டாக ஓடுகின்றன. ஆகவே இடுப்பில் ஊசி போட்டால் சில மணி நேரத்துக்கு, சிலருக்கு அரை நாள்வரைகூட, கால் தொய்ந்திருக்கலாம். படுத்திருக்கும்போது இது தெரியாது. மாதக்கணக்கில் வாட்டிய வலி காணாமல் போன தெம்பில் விசுக்கென்று எழுந்து நடப்பார்கள், முழங்கால் மடங்கிவிடும். சிங்கப்பூரின் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் பலவற்றில் கழிவறைக்குள் நுழைய ஒரு படி உண்டு. அந்தப் படியைத்தான் நான் நரம்புச் சேதத்தைவிட அதிகம் அஞ்சுகிறேன். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், முதுகு வலிக்கு வந்தவர் அறுவை சிகிச்சைக்குப் போக நேரிடும்.

அன்று இரவு மட்டுமாவது யாராவது கூடவே எழுந்து வரவேண்டும். "எனக்கு எதற்குத் துணை?" என்று முறைக்கும் அப்பாக்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது ஊசி போடுவதைவிடக் கடினம்; மகள் சொன்னால் கேட்காதவர் பேரன் சொன்னால் கேட்கிறார். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் வீவகவின் 'ஈஸ்' திட்டத்தில் கழிவறையில் கைப்பிடி பொருத்தவும், தரை வழுக்காமலிருக்க ஏற்பாடு செய்யவும் விண்ணப்பிக்கலாம். ஊசிக்கு நாள் குறிக்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள். அன்று கார் ஓட்டவேண்டாம். பஸ்ஸில் நின்றுகொண்டு வீடு திரும்பவும் வேண்டாம்.

மரத்துப்போன தோலுக்குச் சூடும் உறைக்காது. வெந்நீர்ப் பை, உப்பு ஒத்தடம், அதற்கு மேல் கோடாலித் தைலம் என்று நம் வீட்டு வைத்தியம் வரிசையாக வந்து நிற்கும். கொப்புளம் எழும்வரை சுட்டது தெரியாது. உணர்ச்சி முழுதும் திரும்பும்வரை ஊசி போட்ட பக்கம் எதுவும் வேண்டாம்.

இனி ஸ்டீராய்டு. சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததுதான். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. ஸ்டீராய்டு கலந்த ஊசி போட்ட அன்றோ மறுநாளோ ரத்தச் சர்க்கரை ஏறத் தொடங்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும். சிலருக்கு இரண்டு வாரம்வரை ஆகலாம். வழக்கமாக 8 காட்டும் கருவி திடீரென்று 18 காட்டினால், "நேற்றுத் தின்ற பரோட்டாதான் காரணம்" என்று தன்னையே திட்டிக்கொள்பவர்கள் உண்டு. அதோடு விட்டால் பரவாயில்லை. சிலர் தாமாகவே மாத்திரையை இரட்டிப்பாக்குகிறார்கள், சிலர் சாப்பாட்டையே நிறுத்துகிறார்கள். பிறகு சர்க்கரை சரிந்து மயங்குகிறார்கள். ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: எத்தனை முறை சோதிக்கவேண்டும், எந்த எண்ணைத் தாண்டினால் அழைக்கவேண்டும், இன்சுலினை மாற்றவேண்டுமா? தாகம் அடங்காமல், அடிக்கடி சிறுநீர் போய், வாந்தியும் வந்தால் எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாததால் மருத்துவர் ஊசியைத் தள்ளிவைத்தால் கோபித்துக்கொள்ளவேண்டாம். சர்க்கரை அதிகமாக இருக்கும்போது கிருமித்தொற்றுக்கும் வாய்ப்பு அதிகம்.

முகம் சிவந்து சூடாவது, ஓரிரு இரவு தூக்கம் வராதது, மாதவிலக்கு முன்பின் ஆவது, ஓயாத விக்கல் ஆகியவையும் ஸ்டீராய்டின் வேலைதான். விக்கலை யாரும் ஊசியோடு சேர்த்து நினைப்பதில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் பட்டால் மட்டும், ஊசியின்மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்காமல் பரிசோதித்துக்கொள்ளவேண்டும். தோலுக்கு நெருக்கமாகப் போடும் ஊசியில் அந்த இடம் வெளுத்தோ குழிந்தோ போகலாம். நம்முடைய மாநிறத்தில் அது பளிச்சென்று தெரியும். பின்தலையில் என்றால் முடி உதிர்ந்து திட்டாகலாம்.

மறுநாள் அழைப்புகளில் தவறாமல் வரும் புகார், "ஊசி வேலை செய்யவில்லை". மரத்துப்போகும் மருந்து சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஸ்டீராய்டு பலன் தரச் சில நாள் பிடிக்கும். இடையிலுள்ள நாட்களில் வலி முன்பைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். முதல் சில மணி நேரத்தில் வலி எவ்வளவு குறைந்தது என்று எழுதிவையுங்கள். அந்த நரம்புதானா காரணம் என்று கண்டுபிடிக்க மருத்துவருக்கு அது பெரிய உதவி.

ஊசி போடும் இடத்தைப் பொறுத்தும் விளைவு மாறும். கை வலிக்காகக் கழுத்தின் முன்பக்கத்து நரம்பு முடிச்சில் போட்டால் அந்தப் பக்கத்துக் கண்ணிமை தொங்கலாம், குரல் கம்மலாம், மூக்கு அடைக்கலாம். பார்க்கப் பக்கவாதம்போல இருந்தாலும் ஊசி உரிய இடத்தில் சேர்ந்ததற்குத் தொங்கும் இமை ஓர் அடையாளம். சில மணி நேரத்தில் சரியாகிவிடும். குரல் தெளியும்வரை சாப்பிடாமல் இருங்கள், புரையேறும். அக்கி வந்துபோன பின் தங்கிவிடும் வலிக்கு விலா எலும்பருகே போடும்போது, அரிதாக நுரையீரலின் உறை துளைபட்டுக் காற்றுக் கசியலாம். சில மணி நேரம் கழித்தும் மூச்சு முட்டலாம். ஆகவே ஊசி போட்ட மறுநாள் திருச்சிக்கு விமானம் ஏறும் திட்டம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகளையும் பேசவேண்டும். 2012இல் அமெரிக்காவில் முதுகு ஊசிக்குப் பிறகு பலர் பூஞ்சை மூளைக்காய்ச்சலால் இறந்தது உண்மை. அது ஒரு மருந்துக் கூடத்தில் தயாரித்த ஸ்டீராய்டில் பூஞ்சை கலந்ததால் நேர்ந்தது. 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், தண்டுவட உறையருகே ஸ்டீராய்டு போடுவதால் பார்வையிழப்பு, பக்கவாதம், மரணம் அரிதாக நேரலாம் என்று எச்சரித்ததும் உண்மை. எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி செலுத்துவதற்கும், கழுத்தில், ரத்தக் குழாயை அடைக்கக்கூடிய துகள்கள் இல்லாத ஸ்டீராய்டை விரும்புவதற்கும் இத்தகைய ஆபத்துதான் காரணம். ஊசி போடும்போதே நாக்கு மரத்தாலோ, வாயில் உலோகச் சுவை வந்தாலோ, காதில் இரைந்தாலோ உடனே வாய் திறந்து சொல்லுங்கள். மரத்துப்போகும் மருந்து ரத்தத்தில் கலந்திருக்கலாம். ஆரம்பத்திலேயே தெரிந்தால் சமாளிக்க மருந்து இருக்கிறது.

சாப்பிடும் மாத்திரைகளை ஒளிக்காதீர்கள். வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் காக்கும் மருந்துகளால் ஊசிபட்ட இடத்தில் ரத்தம் கட்டலாம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தாமாக நிறுத்தினால் அதைவிடப் பெரிய ஆபத்து. மலேசியாவின் ஜொகூருக்குப் போய் வாங்கிவரும் 'மூலிகை' வலி மாத்திரையையும் கொண்டுவந்து காட்டுங்கள். அத்தகைய பொருள்கள் சிலவற்றில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. முழங்காலுக்கு ஓரிடத்தில், முதுகுக்கு வேறோரிடத்தில், ஊருக்குப் போனால் அங்கே ஒன்று என்று போட்டுக்கொள்ளும் ஊசிகளையும் இந்த ஸ்டீராய்டுக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

காய்ச்சல், ஊசிபட்ட இடம் சிவந்து வீங்குவது, எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து படுத்தால் தணியும் தலைவலி ஆகியவற்றுக்கு அன்றைக்கே எங்களை அழையுங்கள். மரப்பு நீங்கிய பிறகு கால் மறுபடி பலவீனமானால், சிறுநீர் போக முடியாவிட்டால், உட்காரும் இடமெல்லாம் உணர்விழந்தால், மூச்சு முட்டினால் 995ஐ அழைக்கவேண்டும். என்ன ஊசி, எங்கே, எப்போது போட்டது என்று எழுதிய வீடு திரும்பும் சீட்டை ஆம்புலன்ஸில் வருபவரிடம் காட்டுங்கள்.