முசுட்டைக்கு மதில் ஆகாது

பாகலுக்குப் பற்றுக்கம்பி இருக்கிறது, வெற்றிலைக்குக் கணுவில் வேர் இருக்கிறது, முசுட்டைக் கொடிக்கு இரண்டும் இல்லை. வெறும் தண்டை வைத்துக்கொண்டுதான் வேலி மேல் ஏறுகிறது. சர்க்கரைவள்ளி, கடற்கரை அடும்பு இவற்றின் குடும்பம்தான் இதுவும். மாலையில் மலரும் பெரிய வெள்ளைப் பூ, இலையின் அடியில் பட்டு மாதிரி மயிர். சங்க நூல்கள் முசுண்டை என்று சொல்வது இதைத்தான் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இதன் இலையை வறை (தேங்காய் சேர்த்த பொரியல் மாதிரி) செய்து சாப்பிடுகிறார்கள், நம் பக்கம் ஏனோ அந்த அளவுக்கு இல்லை.

சரி, ஏறுவது எப்படி? இளந்தண்டின் ஒரு பக்கத்துச் செல்கள் மற்ற பக்கத்தைவிட வேகமாக நீளும், அதனால் நுனி எதிர்ப்பக்கம் சாயும். அந்த வேகம் ஒரே பக்கத்தில் நிற்காமல் தண்டைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதால் நுனியும் காற்றில் மெதுவாக வட்டம் போடுகிறது. வழியில் குச்சி தட்டுப்பட்டால், தொட்ட இடம் நின்றுவிடும். அதற்கு மேலே உள்ள பகுதி மட்டும் தொடர்ந்து சுழலும், அப்படியே குச்சியைச் சுற்றிக்கொள்ளும். டார்வின் 1865-லேயே ஏறுகொடிகளைப் பற்றித் தனியாக ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார், கொடியின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறித்திருக்கிறார்!

சூரியனைப் பார்த்துத்தான் சுற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அப்படியானால் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு திசையிலும் தெற்கே எதிர்த்திசையிலும் சுற்ற வேண்டும். ஆனால் 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பூமத்திய ரேகைக்கு வடக்கோ தெற்கோ, பார்த்த சுற்றுக்கொடிகளில் 92 சதவீதம் ஒரே திசையில்தான் சுற்றின: மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம். மீதியில் நம் சிறுவள்ளிக்கிழங்குக் கொடியும் உண்டு, பெருவள்ளி ஒரு பக்கம் என்றால் இது மறுபக்கம்.

வெளிச்சத்தைவிட இங்கே முக்கியம் புவியீர்ப்பு. தண்டின் சில செல்களுக்குள் மாவுச்சத்து மணிகள் அடியில் படிந்து, கீழ் எது மேல் எது என்று காட்டுகின்றன. ஜப்பானில் இதே குடும்பத்துக் கொடி ஒன்றில், தலைகவிழ்ந்து தொங்கும் ஒரு வகை உண்டு. ஒரே ஒரு மரபணு கெட்டுப்போனதில் அந்தச் செல்லடுக்கே சரியாக உருவாகவில்லை என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். நுனி வட்டமும் போடவில்லை, குச்சியையும் சுற்றவில்லை.

இந்த முறையில் ஒரு சிக்கல், தாங்கும் பொருள் ஒல்லியாக இருந்தாக வேண்டும். தடித்த மரத்தையோ சுவரையோ சுற்றி வளைக்க அந்த வட்டம் போதாது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் கிளுவை வேலியை வெட்டிவிட்டு மதில் எழுப்பும் இடத்தில் முசுட்டைக்குப் பிடிக்க எதுவும் கிடையாது, அப்புறம் கோயில் காட்டுப் புதரில்தான் தேட வேண்டும். வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டால் பிவிசி குழாயை நடாதீர்கள், விரல் பருமனுள்ள கம்பு போதும்.