டிரைவ் டிரிப் ஆகிறதா? கெப்பாசிட்டர் பேனலைத் திறந்து பாருங்கள்

கப்பலூரிலும் கே.புதூரிலும் பட்டறை நடத்துபவர்கள் என்னை அழைத்தால், “லைன் சரியில்லை சார், மின்வாரியத்துக்கு எழுத வேண்டும்” என்றுதான் தொடங்குவார்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ‘ஓவர்வோல்டேஜ்’ (மின்னழுத்தம் மிகுதி) காட்டி நின்றிருக்கும். மல்டிமீட்டரோ 415 வோல்ட் என்று சாதுவாகச் சொல்லும். சில மில்லிசெகண்டில் வந்து போகும் எழுச்சி அதன் கண்ணில் படாது.

பவர் ஃபேக்டரைச் சரிசெய்ய வைத்திருக்கும் கெப்பாசிட்டர் பேனலிலிருந்தே அந்த எழுச்சி வரலாம். சார்ஜ் இல்லாத கெப்பாசிட்டர் லைனில் சேரும் கணத்தில் ஷார்ட் சர்க்யூட் போலவே நடந்துகொள்ளும். மின்னழுத்தம் சட்டென்று விழுந்து, துள்ளி எழுந்து, ஊசலாடி அடங்கும். உச்சம் கணக்குப்படி இயல்பைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம். பேனலில் கெப்பாசிட்டர்கள் பல படிகளாக இருக்கும். பக்கத்துப் படிகள் ஏற்கெனவே சார்ஜாகி இருந்தால் அவையும் புதிதாக வந்ததற்குள் கொட்டும்; அந்த மின்னோட்டம் கெப்பாசிட்டரின் வழக்கமான அளவைப் போல நூறு மடங்கைத் தாண்டக்கூடும்.

ஒரு ரப்பர் பட்டறையில் மில் ஓடத் தொடங்கி பேனலின் கட்டுப்பாட்டு ரிலே படிகளைச் சேர்க்கும்போதெல்லாம் எக்ஸ்ட்ரூடர் டிரைவ் நின்றது. பேனலைத் திறந்தேன். கெப்பாசிட்டரை லைனில் சேர்க்கும் ஸ்விட்சான காண்டாக்டரின் தலையில் ஸ்பிரிங் போலச் சுருண்ட தடைக்கம்பிகள் இருக்கும். முதலில் அவற்றின் வழியே மின்சாரம் சென்ற பிறகுதான் முதன்மைத் தொடுமுனைகள் மூடும். அங்கே இரண்டில் கம்பி எரிந்து, மிச்சத்தை யாரோ கட்டரால் நறுக்கியிருந்தார்கள். மூன்றாவது இடத்தில் இருந்தது சாதாரண மோட்டார் காண்டாக்டர். விலை குறைவாம்! அதன் முனைகள் கருகி, பாதி ஒட்டியிருந்தன. மூன்றையும் மாற்றி, டிரைவுக்கு முன்னால் 3 சதவீத சோக் (கம்பிச்சுருள்) போட்டதும் தொல்லை நின்றது.

புதுப் பேனல் என்றால் 7 சதவீத ரியாக்டரோடு (அதுவும் கம்பிச்சுருள்தான்) வாங்குங்கள். மின்னலையின் வடிவத்தைக் கெடுக்கும் ஹார்மோனிக்ஸுக்காகத்தான் அதைப் போடுகிறோம் என்றாலும் இந்தத் துள்ளலையும் அடக்கும். ஆனால் அது கெப்பாசிட்டரின் மேல் விழும் மின்னழுத்தத்தை 446 வோல்ட் வரை ஏற்றிவிடும். 440 வோல்ட் கெப்பாசிட்டர் தாங்காது, 480 அல்லது 525 கேளுங்கள்.

மின்தடை நேரத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது பேனல் தானாக விலகும்படி இன்டர்லாக் அவசியம். குறைந்த லோடில் கெப்பாசிட்டர் மிகுந்தால் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் கட்டுக்குள் நிற்காது.

ரிலேயில் மறுஇணைப்பு நேரத்தை ஐந்து பத்து நொடிக்குக் குறைத்துவைக்கும் அவசரக்காரர்களும் உண்டு. விலகிய கெப்பாசிட்டரில் மிஞ்சிய சார்ஜ் எதிர்த்துருவத்தில் இருக்கும்போது மீண்டும் சேர்ந்தால் அடி இன்னும் பலமாக விழும். டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் வேலையை முடிக்க ஒரு நிமிடமோ மூன்று நிமிடமோ ஆகும். கெப்பாசிட்டரின் லேபிளைப் பார்த்து அதற்குக் குறையாமல் நேரத்தை வையுங்கள்.