அரை அங்குல மரையும் ஒரு மான்செஸ்டர் பட்டறையும்

காற்றழுத்தக் குழாய்களைப் பராமரிக்கச் செல்லும் இடங்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை, பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை) உள்ள அரை அங்குல வால்வில் என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரை) நிப்பிளை, அதாவது மரையுள்ள சிறு இணைப்புக் குழாயை, ஏற்றிவிடுவது. இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைகள் இருப்பதால் முதல் சில சுற்றுகள் தடையின்றி ஏறும். ஆனால் பி.எஸ்.பி. மரையின் கோணம், அதாவது அதன் இரு சரிவுகளுக்கு இடைப்பட்ட கோணம், 55 பாகை, என்.பி.டி. மரையின் கோணம் 60 பாகை. மரையின் சரிவுகள் ஒன்றோடொன்று முழுதாகப் படியாமல் எஞ்சும் இடைவெளியை டெஃப்லான் டேப் சில காலம் அடைத்து வைக்கும், பிறகு கசியும்.

இந்த 55 பாகையை முறைப்படுத்தியவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயிடமும் ஜோசப் கிளெமென்ட்டிடமும் தொழில் பழகிய அவர், 1833இல் மான்செஸ்டரின் சோர்ல்டன் தெருவில், லண்டனிலிருந்து வந்த கருவி செய்பவர் என்று பலகை மாட்டித் தம் பட்டறையைத் தொடங்கினார். அக்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வைத்திருந்ததால், ஒரு போல்ட் முறிந்தால் அதைச் செய்த பட்டறையையே நாட வேண்டியிருந்தது. விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, அவற்றின் சராசரியிலிருந்து கோணத்தையும், ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதையும் வகுத்து, 1841இல் சிவில் பொறியாளர் கழகத்தின் முன் வைத்தார். கால் அங்குல விட்டமுள்ள போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 மரை, அரை அங்குல போல்ட்டுக்கு 12 என்று போகும் அந்தப் பட்டியலைப் பழைய டர்னர்கள் (கடைசல்காரர்கள்) இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

காகிதத்தில் எழுதிய அளவு தானாகப் பரவுவதில்லை. துளைக்குள் அந்த மரையை வெட்டும் டேப் என்னும் கருவியையும், தண்டின் மேல் வெட்டும் டையையும், அதைச் சரிபார்க்கும் கேஜையும் விட்வொர்த்தின் நிறுவனமே செய்து விற்றதே அது நிலைபெற்றதற்குப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் காட்டும் அளவுக்கருவியை 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் வைத்த பட்டறை அது. கிரிமியப் போரின்போது பீரங்கிப் படகுகளுக்குச் சுமார் 90 எஞ்சின்கள் அவசரமாகத் தேவைப்பட்டபோது, எஞ்சின் தயாரிப்பாளர் ஜான் பென் அவற்றின் பாகங்களைப் பல பட்டறைகளில் பிரித்துச் செய்வித்துப் பொருத்த முடிந்ததற்கும் இந்தப் பொது மரை துணைநின்றது.

பிற்காலத்தில் நிறுவனம் பீரங்கி, எஃகு என்று விரிந்து, 1887இல் விட்வொர்த் இறந்த பின், 1897இல் ஆம்ஸ்ட்ராங் என்ற ஆயுத நிறுவனத்துடன் இணைந்தது. அமெரிக்காவிலோ 1864இல் இயந்திரக் கருவி தயாரிப்பாளர் வில்லியம் செல்லர்ஸ், பட்டறையில் வெட்டுவதற்கு எளிது என்று 60 பாகையை முன்வைத்தார். அங்குள்ள குழாய் மரையும் 60 பாகைதான். விட்வொர்த்தின் போல்ட் மரையை மெட்ரிக் மரை பெரும்பாலும் ஒதுக்கிவிட்டாலும், அவருடைய கோணம் பி.எஸ்.பி. குழாய் மரையில் நீடிக்கிறது.

ஆகவே இறக்குமதி இயந்திரத்தில் குழாயை மாற்றும்போது மரைகளை எண்ணிப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். மரை கேஜின் பல்லுள்ள தகட்டை மரையின் மேல் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே வைத்து, 55 பாகைத் தகடு இடைவெளியின்றிப் படிகிறதா, 60 பாகைத் தகடா என்று பார்த்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.