பேழையில் இருப்பவர் யார்? பெயர் எழுதும் முன் கொஞ்சம் பொறுங்கள்

அருங்காட்சியகப் பட்டியல் வேலையில் இருப்பவர்களிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இந்தப் படத்தில் இருப்பது யார்?" பிரான்சின் லிமோஜ் நகரில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் செய்த எனாமல் பேழைகளைப் பார்த்தால் பதில் சட்டென்று நாக்கில் வந்துவிடும். சரிவான கூரை, நீலப் பின்னணி, பொன்முலாம் பூசிய உருவங்கள், உள்ளே புனிதர்களின் திருப்பண்டங்கள், அதாவது அவர்களுடைய எலும்பு, உடை போன்ற எச்சங்கள். வாள் ஓங்கியவர்களும் பலிபீடத்தருகே ஓர் ஆயரும் தெரிந்தால் போதும், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியோடு மோதி அவருடைய வீரர்களால் கொல்லப்பட்ட கேன்டர்பரிப் பேராயர் "தாமஸ் பெக்கெட்" என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாதபோதுதான் வம்பு.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1180களைச் சேர்ந்த பெக்கெட் பேழை இருக்கிறது. முன்பக்கத்தில் வீரர்கள் வெட்டுகிறார்கள். பேராயரின் கை கிண்ணத்தை நோக்கி நீள்கிறது. வலப்புறம் இரண்டு குருக்கள் கைகளை உயர்த்திப் பதறுகிறார்கள். கூரையில் அவர் உடலின் அடக்கமும், ஆன்மா விண்ணகம் செல்வதும். கேன்டர்பரியில் 1170 டிசம்பர் 29இல் நடந்த கொலை இது. ஆனால் நடந்ததை அப்படியே காட்டும் படம் அல்ல. கொன்றவர்கள் நால்வர், இங்கே மூவர்தான். வேறு பேழைகளில் எண்ணிக்கை இன்னும் மாறும். பெக்கெட் இறந்தது மாலை வழிபாட்டு வேளையில், திருப்பலியின்போது அல்ல. அப்படியிருக்க பீடமும் கிண்ணமும் எதற்கு? அவருடைய சாவையே ஒரு பலியாகக் காட்டுவதற்குத்தான் என்று நான் வாசிக்கிறேன். நால்வர் மூவரானதற்குப் பின்னால் பெரிய இறையியல் தேட வேண்டாம், தகட்டில் இடம் அவ்வளவுதான் இருந்திருக்கும். செம்பில் குழி வெட்டி, கண்ணாடித் தூள் நிரப்பி, சுட்டு, தேய்த்து மெருகேற்றும் வேலையில் ஓர் உருவம் கூடுவதென்றால் சும்மாவா?

அடிக்கடி ஏமாற்றும் இன்னோர் உருவம், வானதூதர்கள் ஏந்தியிருக்கும் சின்ன மனிதன். பலர் குழந்தை இயேசு என்பார்கள். இறந்தவரின் ஆன்மாவை அப்படித்தான் சிறிதாகக் காட்டுவது அக்கால வழக்கம். தலையைச் சுற்றிய ஒளிவட்டத்துக்குள் சிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிறிஸ்து என்று நினைக்கலாம். வெறும் வட்டம் என்றால் எந்தப் புனிதராகவும் இருக்கலாம். மேகத்திலிருந்து நீளும் கையோ கடவுளின் கை. அது பல மறைசாட்சிகளின், அதாவது நம்பிக்கைக்காக உயிர் விட்டவர்களின், காட்சிகளில் வரும், தனியாக ஒரு பெயரையும் நிரூபிக்காது.

பேழை இருக்கும் ஊரை வைத்தும் முடிவு கட்ட முடியாது. பெக்கெட் 1173இல் புனிதராக அறிவிக்கப்பட்டதும் அவர் புகழ் ஐரோப்பா முழுக்கப் பரவியது. இத்தாலியின் அனாக்னியிலும் அவர் பேழை உண்டு. இங்கிலாந்தில் 1538இல் எட்டாம் ஹென்றி அவர் கல்லறையை அழித்து, படங்களையும் அகற்றச் சொன்னார். பெக்கெட்டோடு மோதிய அதே இரண்டாம் ஹென்றியின் ஆட்சிக்குள்தான் லிமோஜும் இருந்தது என்பது தனி வேடிக்கை.

இதற்கெல்லாம் முன்னால் பேழையையே ஒரு பொருளாகப் பார்க்க வேண்டும், ஆனால் அதைத்தான் கடைசியில் பார்க்கிறார்கள். பல பேழைகளில் தலைகள் தனியே வார்த்து ஆணியடித்தவை. விழுந்த இடத்தில் வேறு தலை வந்திருக்கலாம், ஒரு பேழையின் தகடு இன்னொன்றில் ஏறியிருக்கலாம். 19ஆம் நூற்றாண்டுப் பிரதிகளும் சந்தையில் சுற்றுகின்றன. அரசர் போல் இருந்த தலை போய் ஆயர் தலை வந்தால் கதையே மாறிவிடும்.

அதனால் நான் அட்டையில் இப்படித்தான் எழுதுவேன்: "ஆயர் ஒருவரின் மறைசாட்சிச் சாவு, தாமஸ் பெக்கெட்டாக இருக்கலாம்." விற்பனைப் பட்டியலுக்குப் போகும்போது அந்த "இருக்கலாம்" காணாமல் போய்விடுகிறது, விலையும் ஏறிவிடுகிறது. வாங்க நினைப்பவர்கள் முன்பக்கப் படத்தோடு நிற்காமல், பின்பக்கம், அடிப்பகுதி, உள்ளிருக்கும் மரம், ஆணித் துளைகள் எல்லாவற்றின் படத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் வாங்க வேண்டாம்.