பேராசிரியரை நிறுக்கும் தராசு

பேராதனையில் மூலக்கூற்று உயிரியல் படிக்கும் அக்காவின் மகள், போன லீவுக்கு ஹட்டனுக்கு வந்தபோது போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வெளிநாட்டில் புற்றுநோய் ஆய்வு செய்யும் ஒரு பேராசிரியரின் கூகுள் ஸ்கொலர் பக்கம். "மாமா, இவருக்கு எச்-சுட்டி 60. இவர்கிட்ட மேற்படிப்புக்கு எழுதிக் கேட்கலாமா?"

60 என்பது பெரிய எண்தான். ஆனால் எதை நிறுத்து வந்த எண்?

ஆய்வாளர் ஒருவர் கட்டுரை எழுதினால், தனக்கு முன்னே யார் யார் செய்த வேலை உதவியது என்று கடைசியில் பட்டியல் போடுவார். கணினி அந்தப் பட்டியல்களை மேய்ந்து, ஒவ்வொரு கட்டுரையின் பெயரும் எத்தனை பட்டியலில் வருகிறது என்று எண்ணும். மேற்கோள் எண்ணிக்கை என்பது அவ்வளவுதான். இதைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட். அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964இல் வெளிவந்தது. எச்-சுட்டியை 2005இல் முன்வைத்தவர் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் அதிகமுள்ளதிலிருந்து வரிசையாக அடுக்குங்கள்: 40, 12, 5, 4, 2 என்று வைப்போம். எத்தனையாவது கட்டுரை வரை மேற்கோள் அந்த வரிசை எண்ணுக்குக் குறையாமல் இருக்கிறதோ, அதுதான் சுட்டி. நாலாவது கட்டுரைக்கு 4 இருக்கிறது, ஐந்தாவதுக்கு 5 இல்லை. ஆகவே சுட்டி 4. முதல் கட்டுரை 40க்குப் பதில் 4,000 வாங்கியிருந்தாலும் சுட்டி அசையாது.

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். சின்ன வயதில் பள்ளி விட்டு நேரே கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய், அம்மாவின் சாக்கு தராசில் ஏறும்வரை நிற்பேன். கணக்கப்பிள்ளை சாக்குக்குக் கொஞ்சம், மழை நாளென்றால் தண்ணிக்குக் கொஞ்சம் என்று கழித்து எழுதுவார். எவ்வளவு கழித்தார் என்று அம்மா கேட்டால் பதில் வராது. அதைவிட எனக்கு உறைத்தது வேறு. விளைச்சல் கூடிய வீ.பி. இனத் தேயிலை நிற்கும் மலையில் எடுத்த நாளில் கிலோ கூடும். கிழட்டுச் செடி நிற்கும் பழைய மலையில் குறையும். கை அதே கைதான்.

மூலக்கூற்று உயிரியல் ஒரு வீ.பி. மலை. ஆட்கள் அதிகம், கட்டுரைகள் வேகமாக வரும், ஒவ்வொன்றின் அடியிலும் பட்டியல் நீளமாக இருக்கும். கணிதம் பழைய மலை. கணிதக்காரரின் 20ஐயும் புற்றுநோய்க்காரரின் 60ஐயும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

ஒரே மலைக்குள்ளும் வேடிக்கை உண்டு. உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது? ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்லி, ஒலிவர் லௌரியும் கூட்டாளிகளும் 1951இல் எழுதியது. 3 லட்சத்துக்கும் மேல். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ, நேச்சர் சஞ்சிகை 2014இல் போட்ட முதல் 100 பட்டியலிலேயே இல்லை. அளவு முறையைக் கையாள்பவர் ஒவ்வொரு தடவையும் அதன் பெயரைச் சொல்லியாக வேண்டும். இரட்டைச் சுருள் உயர்தரப் பாடப்புத்தகத்துக்கே வந்துவிட்டது; இனி யார் அதற்கு மேற்கோள் போடப்போகிறார்கள்?

தராசுக்கு இன்னொன்றும் தெரியாது: சரியா, பிழையா. பி53 என்ற புரதத்தை 1979இல் கண்டுபிடித்தார்கள். அதற்குரிய மரபணு புற்றுநோயை உண்டாக்குவது என்றே பத்து வருடம் போல நம்பினார்கள். 1989 வாக்கில்தான் விஷயம் தலைகீழானது. சோதனைகளில் பயன்படுத்திய பிரதிகள் பழுதானவை. பழுதில்லாத பி53 கட்டி வளராமல் தடுக்கிற காவல்காரன். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் அந்தக் காவல்காரன் பழுதாகியிருக்கிறான். இடைப்பட்ட வருடங்களில் விழுந்த மேற்கோள்களும் மேற்கோள்களே. "இவர் சொன்னது தப்பு" என்று எழுதினாலும் கணக்கில் ஒன்று கூடும். பின்னர் மீளப்பெறப்பட்ட கட்டுரைகளுக்குக்கூட மேற்கோள் விழுந்துகொண்டே இருக்கும்.

அதற்காக எண்ணையே தூக்கி வீசச் சொல்லவில்லை. பல வருடம் பலர் ஒருவரின் வேலையை எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்பது சும்மா வராது. ஆனால் மருமகளிடம் நான் பார்க்கச் சொன்னது ஆசிரியர் வரிசையை. இந்தத் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் ஆய்வு மேசை முன் நின்று சோதனை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வுகூடத் தலைவருடையது. "அவர் கடைசியில நிற்கிற கட்டுரைகளை எடு. முதல் பெயர்ல மாணவர்கள் வர்றாங்களா பார்."

அரை மணிநேரம் தட்டிக்கொண்டிருந்தாள். வருகிறார்கள், நாலைந்து பெயர், ஒவ்வொரு வருடமும் வேறு வேறு ஆள்.

அப்புறம் எங்கள் தமிழ்ப் பெயர்த் தகராறு வந்தது. அப்பா பெயரை முன்னெழுத்தாக்கி எழுதினால், கணினி எதைக் குடும்பப் பெயராக எடுக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கட்டுரையில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி எழுதிவிட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகி, மேற்கோளும் இரண்டாகப் பிரிந்துவிடும். இதற்காகவே 2012இல் ஆய்வாளர்களுக்கு ஆளுக்கொன்றாக ஓர்கிட் என்று 16 இலக்க எண் ஒன்றைக் கொடுக்கத் தொடங்கினார்கள். தோட்டத்தில் நாலு லெட்சுமி இருந்தால் பெயர்ப்பதிவேட்டின் செக்ரோல் நம்பரை வைத்துப் பிரிப்பதில்லையா, அதேதான்.

அன்றிரவு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி முடித்தவள், கையெழுத்து இடத்தில் நின்றுவிட்டாள்.

"அப்பா பேரை முன்னால போடவா, பின்னால போடவா மாமா?"

"எங்க வேணும்னாலும் போடு. பிறகு மாத்தக்கூடாது."

கொப்பித் தாளில் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.